மான்டே கார்லோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போன் போட்டாலே "காசினோ எங்கடா இருக்கு?" என்று கேட்கிறாய். சரி, எழுதியே விடுகிறேன்.

நம் புதுச்சேரி மாதிரி நேராக நடந்து கடலில் போய் முட்டுகிற ஊர் இல்லை இது. மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. மான்டே கார்லோ இருக்கிற மொனாக்கோ நாடு மொத்தமே 2 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதையும் படிக்கட்டு போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். வழி கேட்டால் மேலே, கீழே என்றுதான் பதில் வரும்.

நான் குடியிருப்பது மேலே, போசொலேயில். அது பிரான்ஸ். தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த புண்ணியம், பாஸ்போர்ட் பிரச்சினை இல்லை. வாடகைதான் கழுத்தை நெரிக்கிறது. ஒரே தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், எதிர்ப்பக்கம் வேறு பெயர். குறுக்கே கடந்தால் வேறு நாடு. அங்கிருந்து படி, தெரு லிஃப்ட் என்று இறங்கினால் காசினோ சதுக்கம்.

காசினோ தொடங்கியது 1863இல். அதற்கு முன் இந்தச் சரிவுக்குக் குகைகள் என்று பொருள்படும் பெயராம். 1866இல் மொனாக்கோவை ஆண்ட மூன்றாம் சார்லஸ் இளவரசர் தன் பெயரையே வைத்துவிட்டார்; மான்டே கார்லோ என்றால் சார்லஸ் மலை. சூதாட்டத்தில் வந்த பணத்தில் 1869இல் குடிமக்களுக்கு நேரடி வரிகளையே எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடிமக்கள் காசினோவில் ஆடக் கூடாது!

காசினோவுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி ஆபெரா என்கிற இசை நாடக அரங்கு, பாரிஸ் ஆபெராவைக் கட்டிய கார்னியேவின் கைவண்ணம். பக்கத்தில் ஓட்டல் டி பாரி. ஒரு நாள் துணிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். முகப்புக் கூடத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிலையாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். சூதாடப் போகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்காகக் குதிரையின் முட்டியைத் தடவித் தடவி, மீதி உடம்பு கறுத்திருக்க, முட்டி மட்டும் புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி மின்னுகிறது. நானும் தடவினேன். அந்த மாதமும் சம்பளம் அதேதான்.

சதுக்கத்திலிருந்து கீழே இறங்கும் ரோடுதான் கார் பந்தயப் பாதை. கொண்டை ஊசி வளைவு, சுரங்கம், பிறகு துறைமுகம். துறைமுகத்துக்கு அந்தப் பக்கப் பாறைமேல் அரண்மனை. பந்தயத்துக்குப் பல வாரம் முன்பே தடுப்பு கட்டி விடுவார்கள்; வேலைக்குப் போக நான் படும் பாடு சொல்லி மாளாது. அந்தச் சமயத்தில் மட்டும் யாரும் வர வேண்டாம்.

அம்மாவிடம் சொல், தெரு லிஃப்டுக்குக் காசு கிடையாது. முட்டி வலி என்று இனி தட்டிக்கழிக்க முடியாது. வரும்போது தாளிப்பு வடகம் ஒரு டப்பா. இங்கே அதையே 'வடுவான்' என்று பொடியாக விற்கிறார்கள், வாசனையே இல்லை.

உன் தம்பி