ஆண்டறிக்கை 2024-25: டைரக்டரியை நிறுத்தியது ஏன்?

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, மதுரைக் கடைவீதி வணிகச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, இந்த ஆண்டின் பெரிய முடிவுக்கு வருகிறேன். கடைகளின் பெயரும் போன் எண்ணும் கொண்ட நம் வணிகர் டைரக்டரியை இனி அச்சிடுவதில்லை. இதை முன்மொழிந்தவன் நான். இருபது வருடமாக அதற்கு விளம்பரம் பிடிக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவனும் நான்தான். அதனால் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பின்னட்டைக்குப் போட்டி நடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சிவகாசியிலிருந்து கட்டு வந்து இறங்கிய அன்றே ஆள் விட்டு வாங்கிப் போவீர்கள். போனுக்குப் பக்கத்தில் ஆணியடித்துச் சணலில் தொங்கவிட்டிருப்பீர்கள். வருடக் கடைசியில் பார்த்தால் 'மோட்டார் ரீவைண்டிங்' பக்கம் கைபட்டுக் கறுத்துப்போயிருக்கும். ஊர் எதைத் தேடுகிறது என்பதை அந்த அழுக்கே சொல்லிவிடும்.

லேண்ட்லைன் போனதும் புத்தகத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது. கடை எண் என்று நிலையாக ஒன்று இல்லாமல் செல் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1996-இல் மும்பையில் ஜஸ்ட்டயல் தொடங்கியபோதே, புத்தகத்தைப் புரட்டாமல் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி வந்துவிட்டது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, விளக்குத்தூணில் நின்றுகொண்டே அடுத்த தெருக் கடையைப் போனில் தேடுகிறார்கள். பிரிட்டனில் 1966-இல் பிரைட்டனில் தொடங்கிய 'மஞ்சள் பக்கங்கள்' (யெல்லோ பேஜஸ்) என்ற வணிக டைரக்டரியே 2019 ஜனவரியில் அதே ஊரில் கடைசிப் பிரதியோடு அச்சை நிறுத்திக்கொண்டது.

நம்மிடமும் முழுப் பக்கம் அரைப் பக்கமானது, அரை கால் ஆனது. போன முறை போனபோது ஓர் உறுப்பினர் பணத்தைக் கையில் கொடுத்து, "அண்ணே, விளம்பரம் எல்லாம் வேண்டாம், நன்கொடைன்னு ரசீது போட்டுருங்க" என்றார். என் முகத்துக்காகக் கொடுத்த பணம் அது. அன்றே மனதில் முடிவு செய்துவிட்டேன். பலன் தராத ஒன்றுக்கு விளம்பரம் என்று பெயர் சொல்லி உங்களிடம் பணம் வாங்குவது சரியில்லை.

ஆனாலும் அந்தப் புத்தகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1995-இல் டாடா பிரஸ் நிறுவனத்துக்கும் அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல்.லுக்கும் நடந்த வழக்கில், வணிக விளம்பரமும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது இப்படியொரு மஞ்சள் பக்கப் புத்தகத்தை முன்வைத்துத்தான். நம் டைரக்டரியில் நேரில் போய்ப் பார்க்காத கடை ஒன்றுகூட ஏறியதில்லை. ஒரு வருடம் ஒரு எண்ணில் ஓர் இலக்கம் தவறிவிட்டது. திருத்தச் சீட்டு அடித்து, பிரதி பிரதியாக ஒட்டிக் கொடுத்தோம்.

இன்று நிலைமை வேறு. வெங்கலக்கடைத் தெருவில் நம் உறுப்பினர் ஒருவரின் பாத்திரக் கடை, ஆவணி முகூர்த்த நேரத்தில் போன் மேப்பில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டியது. யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை. சீர்வரிசை வாங்க வந்தவர்கள் போன் செய்துகூடக் கேட்காமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர் கடையில் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே புத்தகத்தை நிறுத்தினாலும் கடை கடையாகப் போவதை நிறுத்தவில்லை. தெருவுக்கு இரண்டு பேர் வருவார்கள். பெயர், எண், திறக்கும் நேரம் மேப்பில் சரியாக இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்த்து, உங்கள் சொந்த மெயிலிலேயே பதிவு செய்து தருவார்கள். ஏஜென்ட் பெயரில் பதிய விடாதீர்கள். மேப்பில் கடையைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அப்புறம், போனில் தேடப் பழகாத பெரியவர்களுக்காக எலக்ட்ரீஷியன், பிளம்பர், மோட்டார் மெக்கானிக் எண்கள் மட்டும் கொண்ட ஒற்றைத் தாள் அட்டை அச்சடித்து மளிகைக் கடைகளில் மாட்டுவோம். அதில் விளம்பரம் இருக்காது.

கீழமாசி வீதிக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மற்ற தெருக்களுக்கு ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்