ஏரியில் இறங்கும் முன் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் சாரணப் படைப் பிள்ளைகள் 24 பேரும் ஊர் ஏரியில் ஒருநாள் சுற்றுச்சூழல் வகுப்பை முடித்துவிட்டு, பெரும்பாலோர் முழங்கால்வரை சேற்றோடு வீடு திரும்பியதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு நடந்ததை அவர்களே சொல்லியிருப்பார்கள், உங்களைத் தூங்க விடாமல். அதற்கு முந்தைய ஐந்து சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். உங்களில் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும், ஏனென்றால் எல்லார் வாசலிலும் போய் நின்றவன் நான்தான்.

நான் தமிழாசிரியர். ரீஃப் நாட் என்ற முடிச்சு போடவும் கூடாரம் கட்டவும் சொல்லித் தருவேன். ஏரித் தண்ணீரை எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், நானும் அந்தப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டியவன்தான். அதனால் கேட்டுக் கேட்டு வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், நான் கேட்டதை அப்படியே கொடுத்தவர்கள் உங்களில் குறைவு.

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஐயாவிடம் நான் கேட்டது நோட்ஸ். "நோட்ஸ் கொடுத்தா நோட்ஸைத்தான் பார்ப்பாங்க சார், ஏரியைப் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தார். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீலத் தண்ணீரில் சமையலறையில் இருப்பதை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து எழுதிவர வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவும் சிவப்புமாக மாறியது. சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையானது. ஒருவன் ரசத்தையும் விட்டுப் பார்த்திருக்கிறான். (அம்மாவிடம் வாங்கிய திட்டை மட்டும் நோட்டில் எழுதவில்லை.) அமிலம், காரம் என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான் வந்தது.

அடுத்த வாரம், தண்ணீர் அமிலமா காரமா என்று எண்ணாகக் காட்டும் பிஹெச் தாள் (7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே காரம்). பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாசிக் குளத்தில் காலையில் பார்த்தபோது 7-ஐ ஒட்டி இருந்தது, மதியம் 9-ஐ நெருங்கிவிட்டது. தாள் கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கிளம்பினேன். ஐயா தடுத்தார், ஆனால் காரணம் சொல்லவில்லை. ஒரு வாரம் முழுக்கச் சொல்லவில்லை! மறுவாரம் வந்து, "வெயில் ஏறினா பாசி என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெல்ல எழுந்து, உணவு தயாரிக்கும் என்றாள். அதற்கு எது வேண்டும்? கரியமில வாயு. அது எங்கிருந்து வரும்? தண்ணீரிலிருந்து. கரியமில வாயு குறையக் குறையத் தண்ணீரின் அமிலத்தன்மையும் குறையும், பிஹெச் ஏறும். இரவில் பாசி மூச்சுவிட விட மறுபடி இறங்கும். அந்த ஒரு வார மௌனத்துக்காக ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பூச்சி பிடிக்கும் வலைக்கு வாயில் என்ற மெல்லிய துணி கேட்டு தையல்கடை அக்காவிடம் போனேன். அக்கா அந்தத் துணியை வாளித் தண்ணீரில் முக்கித் தூக்கிக் காட்டினார். தண்ணீர் இறங்கவே இல்லை. "இதுல பூச்சி வராது சார், குளமே கூட வரும்." பழைய கொசுவலையை இரண்டாக மடித்து, விளிம்புக்குச் சாக்குத் துணி வைத்து ஆறு வலை தைத்துக் கொடுத்தார்.

பிடித்ததைக் கொட்டிப் பார்க்க எவர்சில்வர் தட்டு போதும் என்று நினைத்திருந்தேன். ஒத்திகையில் வெயில் பட்டுக் கண் கூசியதே தவிர, ஒன்றும் தெரியவில்லை. கேட்டரிங் அண்ணன்தான் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா மூடிகளை அடுக்கிக் கொண்டுவந்து தந்தார். வீணாய்ப்போன அந்தத் தட்டுகளும் வீணாகவில்லை. பெயின்ட் கடைக்காரர் கொடுத்த மிச்ச கறுப்பு, வெள்ளையை நான்கு கால்பாகமாக மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் ஓட்டை போட்டு, போல்ட் மாட்டிக் கயிறு கட்டினோம். தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தால் கலங்கலின் அளவு தெரியும். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல் வெள்ளைத் தட்டை இறக்கிச் செய்த வேலை; கறுப்பு வெள்ளைப் பூச்சு பின்னால் வந்தது, முறை இன்றும் அதேதான். கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. சாரணர்கள் எதற்கு இத்தனை முடிச்சு கற்றுக்கொள்கிறார்கள் என்று வருடா வருடம் என்னைக் கேட்கும் பெற்றோர், இதைக் குறித்துக்கொள்ளவும்.

சுகாதார நிலைய செவிலியர் அக்காவிடம் முதலுதவிப் பெட்டி கேட்டேன். பெட்டியோடு அவரும் வந்தார், முந்தின நாள் மாலையே. 24 ஜோடிக் கால்களையும் உட்கார வைத்துப் பார்த்தார். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக ஏறும், காலில் வெட்டுக்காயம் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மூன்று பேரை நிறுத்திவிட்டார். அதில் ஒருவன் அழுதேவிட்டான். மறுநாள் கரையில் உட்கார்ந்து பறவை எண்ணியவன் அவன்தான். நத்தைக்குத்தி நாரை 31 என்று எழுதியிருக்கிறான். வேடந்தாங்கல் பக்கத்தில்தானே, இரைக்கு இங்கே வருகின்றன. கழுகு அணிப் பிள்ளைகள் எண்ணியது 12. பெயர்தான் கழுகு.

ஏரித் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சும் பெரியவரிடம், பிள்ளைகள் பார்க்க மதகைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "வேடிக்கைக்கு மதகு தூக்குறதில்ல வாத்தியாரே, கடைசி வயலுக்கு இன்னும் ரெண்டு தண்ணி பாக்கி" என்றார். பிறகு அவரே கரையோரம் நடத்திக் கூட்டிப்போய், மாடு இறங்கும் தடத்தில் மட்டும் இறங்கச் சொன்னார். புதைசேறு இருக்கும் இடத்தில் மாடு கால் வைக்காதாம். நான் வரைந்து வைத்திருந்த பாதுகாப்பு வரைபடத்தை அன்றிரவே மாற்றினேன்.

வகுப்பு நாளைப் பற்றி இரண்டே செய்தி. ஊர்ச் சாக்கடை வந்து சேரும் மூலையில் தட்டு இரண்டாவது முடிச்சிலேயே மறைந்தது; வலையில் சிவப்புப் புழு மட்டும்தான். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போன்ற ஒன்று அதன் உடம்பிலும் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துவிடும். மதகுப் பக்கம் ஐந்தாவது முடிச்சுவரை தெரிந்தது. அங்கே தட்டான் குஞ்சு கிடைத்தது. அது கீழுதட்டை நீட்டி இரையைப் பிடித்ததைப் பார்த்துப் போட்ட கூச்சலில் நாரையெல்லாம் பறந்துவிட்டது. (31 என்ற கணக்கு அதற்கு முன்பே எடுத்தது.)

வாழை இலையில் புளிசாதம் கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும், காலையில் இரண்டு நடை வந்து காசு வாங்காத ஆட்டோ தம்பிக்கும் நன்றி.

கடைசியாக: மூடிகளைக் கழுவி வைத்திருக்கிறோம், கேட்டரிங் அண்ணன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வலை ஆறில் ஒன்று கருவேல முள்ளில் கிழிந்துவிட்டது, தையல்கடை அக்கா மன்னிக்கவும். தையல்கூலியை இந்த முறையாவது வாங்கிக்கொள்ளவும். கரையில் விட்டுப்போன நீலக் குடை ஒன்று என் மேசைக்கடியில் இருக்கிறது. யாருடையதோ தெரியவில்லை.

இப்படிக்கு,
சாரண ஆசிரியர்