நீ நீக்கிய பெயர்

பெங்களூரு
28.12.2025

அன்புள்ள ராஜகோபாலா,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். கடைசியாக நாம் உட்கார்ந்து பேசியது அப்பா காரியத்துக்கு நான் வந்திருந்தபோது. அதற்கப்புறம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் பெரிய சோம்பேறி என்று பிறகு தீர்த்துக்கொள்வோம். விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை வாக்காளர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டாய். வாழ்க நீ!

நீக்கப்பட்டவர்கள் பட்டியலைச் சித்தப்பா பையன் படம் எடுத்து அனுப்பினான். பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல என் பெயருக்கு நேரே விரலை வைத்து வேறு காட்டியிருக்கிறான். பெயர், வயது, எதிரே காரணம்: இடம்பெயர்ந்தவர். இந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் போனதில், 66 லட்சத்துக்கு மேல் ஊர் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் கணக்கில்தான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஆக, துணைக்கு ஆள் இருக்கிறது. ஆனால் அதில் எத்தனை பேரை ஒரே பெஞ்சில் படித்தவன் நீக்கியிருப்பான், சொல்லு.

வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்கிற அலுவலர் நீதான் என்று எனக்கு நவம்பரிலேயே தெரியும். ஊரில் எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அதில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெயர் கோ. ராஜகோபாலன், பக்கத்தில் போன் நம்பர். மன்னார்குடியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ராஜகோபாலன் மேல்தான் விழும். நம் வகுப்பிலேயே மூன்று பேர். நெட்டையா, குட்டையா, நீயா என்று தெரியாமல் நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டுப் பார்த்தேன். ஸ்கூட்டர் மேல் ஒரு வழுக்கை. சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

போனும் செய்தேன். முக்கால்வாசி நேரம் பிஸி. ஒரு தடவை எடுத்து, "சார், ஃபாரத்தை ஃபில்லப் பண்ணி வைங்க, சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் வாயால் 'சார்' என்று கேட்டுச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுபடி கூப்பிடவில்லை. பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற ஆளிடம் 'என்னைத் தெரியுதா, யார்னு சொல்லு பார்ப்போம்' விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆன்லைனிலேயே நிரப்பலாம் என்று அக்கா சொன்னாள். உட்கார்ந்தேன். முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது, அதாவது 2002, 2005 வாக்கில் எடுத்த பட்டியலில் உன் பெயரோ அப்பா அம்மா பெயரோ எந்த பாகத்தில், என்ன வரிசை எண்ணில் இருக்கிறது என்று கேட்கிறார்கள் அல்லவா? தேடி எடுத்தேன். எடுத்ததும் மாட்டிக்கொண்டேன். நம் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் வடகரை முழுசாக அதில் இருக்கிறதடா! அப்பா இருக்கிறார். பாட்டி இருக்கிறாள், எப்போதும் சொல்கிற மாதிரியே வயதைக் குறைத்துக் கொடுத்திருக்கிறாள். மாவு மிஷின்காரர், அவர் சம்சாரம், மூத்த பெண். மாடியில் குடியிருந்த எல்.ஐ.சி. சார். கமலா டீச்சர் வீட்டு எண்ணுக்கு ஒரே ஒரு பெயர். உன் வீட்டில் உன் அப்பா, அம்மா, நீ, வயது 24. தங்கச்சி இல்லை, அவளுக்கு அப்போது பதினெட்டு ஆகியிருக்காது. படிவத்தை விட்டுவிட்டு ராத்திரி வெகுநேரம் அந்தக் கரையிலேயே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கங்களில் இருப்பவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும்.

சரி, நிரப்பலாம் என்று திரும்பி வந்தால் அடுத்த சிக்கல். நான் எங்கே குடியிருக்கிறேன்? சிரிக்காதே. 1950-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை எடுத்துப் படித்தேன், எனக்கு வேறு வேலை இல்லை. ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே அங்கே குடியிருப்பதாக ஆகாது என்கிறது. அடுத்த வரியில், தற்காலிகமாக வெளியே போயிருப்பதாலேயே குடியிருப்பு போய்விடாது என்கிறது. முதல் வரியைப் படித்தால் நீ செய்தது சரி. இரண்டாவதைப் படித்தால் நான் கேஸ் போடலாம். ஆனால் தற்காலிகம் என்பது எத்தனை வருடம்?

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு வருடம்தான், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் இறங்கினேன். சென்னையில் ஆதம்பாக்கம், செகந்தராபாத், நவி மும்பையில் ஐரோலி, புனேவில் வாகட், இப்போது பெங்களூரில் ஹூடி. எல்லா இடத்திலும் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம்தான். கட்டிலைக்கூடக் கழற்றி மாட்டுகிற மாதிரி பார்த்துத்தான் வாங்கினோம். என் பெண்ணைக் கேட்டால் வேறு கதை சொல்வாள். அங்கே மராத்தி, இங்கே கன்னடம். ஒன்றில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும்போது அடுத்த ஊர். தமிழ் பேசுவாள், பஸ் போர்டு மட்டும் படிப்பாள்.

இதற்கெல்லாம் நடுவில் நான் கெட்டியாகப் பிடித்திருந்தது அந்த ஓட்டு ஒன்றைத்தான். சென்னையில் இருந்தபோது தேர்தலுக்கு வருவது பெரிய விஷயமில்லை. நம் ஊருக்கு ரயில் இல்லாத காலம், நீடாமங்கலத்தில் கேட் திறக்கும்வரை பஸ்ஸில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், ஞாபகம் இருக்கா? 2011-இல் எழும்பூரிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். அதற்குள் நான் செகந்தராபாத்துக்குப் பெட்டி கட்டிவிட்டேன். நம் ராசி அப்படி. மும்பைக்குப் போனபிறகு சும்மா சொல்லக் கூடாது, ஓட்டுப் போட ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் பெயர் அங்கே இருக்கிறது என்று ஒரு தெம்பு.

மாலாவிடம் புலம்பினேன். "நீங்க ஊர்ல இல்லைன்னு எழுதியிருக்காரு. இதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆட்சேபணைக்கு ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது. நான் கொடுக்கப் போவதில்லை, பயப்படாதே. இங்கே ஹூடியிலேயே பெயர் சேர்க்க மனுப் போடப் போகிறேன். அடுத்த வருடம் ஊரில் சட்டமன்றத் தேர்தலுக்கு நீங்கள் வரிசையில் நிற்பீர்கள், நான் டி.வி. பார்ப்பேன். இதை எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது. போகட்டும்.

மற்றபடி: அம்மா எங்களோடுதான், மூட்டு வலி, உன் அம்மாவின் மாவடுவைப் பற்றி வாரம் ஒரு தடவை பேச்சு வரும். சீனு சிங்கப்பூரில் இன்னும் அதே கம்பெனி, அதே பொய். உனக்குச் சர்க்கரை என்று அவன்தான் சொன்னான். அலைச்சலில் மாத்திரையை விட்டுவிடாதே. பங்குனித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெண்ணெய்த்தாழி அன்று பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. பெருமாளுக்கு எறிகிற வெண்ணெய் யார் மேல் விழும் என்று உனக்கே தெரியும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். குடியிருப்பவரிடம் போனில் விசாரித்தேன். மூன்று தடவை வந்தாயாம், விதிப்படி. ஆனால் என்னைப் பற்றி அவரிடம் எதுவுமே கேட்கவில்லையாம். "அவரே எழுதிக்கிட்டாரு சார்" என்றார். பக்கத்து வீட்டிலும் கேட்கவில்லை, சித்தப்பாவிடமும் கேட்கவில்லை. நான் திரும்பி வரமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயமாக உனக்கு எப்படித் தெரிந்தது? கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எனக்கே அது தெரியாது.

என் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. 'சார்' போட்டால் வைத்துவிடுவேன்.

அன்புடன்,
முரளி