ரோபோவை மாற்றியது போதும், பெட்டியைக் கட்டத் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர் அணி ஒன்று அமெரிக்காவில் நடக்கும் ரோபோ போட்டிக்குத் தேர்வானால், பொன்னாடை போர்த்திய படத்தோடு செய்தி வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் படம் வந்த மறுநாளிலிருந்து விமானம் ஏறும் நாள்வரை அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னென்ன செய்ய வேண்டும் என்று தமிழில் யாரும் விளக்கமாக எழுதுவதில்லை. இத்தகைய அணிகளுக்கு வழிகாட்டிகளாக இருக்கும் நாங்கள் அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

டீன் கேமன் 1989இல் தொடங்கிய, மாணவர்களுக்கு ரோபோ போட்டிகள் நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பின் உலகச் சாம்பியன்ஷிப்பைப் பற்றித்தான் எழுதுகிறோம். 2017 முதல் (கொரோனாவால் நடக்காத 2020, 2021 நீங்கலாக) அது டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் ஏப்ரல் மாதத்தை ஒட்டி நடக்கிறது. அதில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான பிரிவு ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச். பன்னிரண்டு அடிச் சதுரக் களத்தில் இரண்டு ரோபோக்கள் ஒரு கூட்டணி, எதிரே இன்னும் இரண்டு. முதல் 30 விநாடி ரோபோ தானாக இயங்கும், அடுத்த 2 நிமிடம் மாணவர்கள் ஓட்டுவார்கள்.

முதல் முறை போகும் அணிகள் செய்யும் பெரிய தவறு ஒன்றுதான்: தேர்வான பிறகும் ரோபோவை மாற்றிக்கொண்டே இருப்பது. உலகப் போட்டி ஆயிற்றே, இன்னும் வேகமான கை வேண்டும், இன்னும் உயரமான ஏணி வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. ஒரு கையை மாற்றினால் ரோபோவின் எடைமையம் மாறும், தானியங்கி ஓட்டத்துக்கு எழுதிய நிரல் தடம் புரளும், வாங்கி வைத்த உதிரிகள் பொருந்தாமல் போகும், டிரைவர்களின் கைப்பழக்கமும் வீணாகும். விமானம் ஏறுவதற்கு நான்கு வாரம் முன்பே ரோபோவின் வடிவத்தை நிறுத்திவிட வேண்டும். மிச்ச நாட்கள் ஓட்டிப் பழகவும், உடைந்ததைச் சரிசெய்து பழகவும், பெட்டி கட்டவும்தான்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே தேசியப் போட்டிக்கு முன்பே அணியில் உள்ள எல்லோரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். பெற்றோர் உடன் வராத பிள்ளைகளுக்கு நோட்டரி கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போது, வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாறி நேராக ஹூஸ்டனில் இறங்கும் வழியைத் தேடுங்கள். வேறொரு அமெரிக்க நகரம் வழியாகப் போனால், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டும். ரோபோப் பெட்டி தவறிப்போக அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

இனி அந்தப் பெட்டி. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி, அதாவது 45.7 சென்டிமீட்டர். பெரும்பாலான விமான நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 52 வைத்தால் கூட்டல் 156. ரோபோவுக்கும் பெட்டியின் வெளிச்சுவருக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர்தான் மிஞ்சும், அதிலும் சுவரின் தடிமன் போய்விடும். அந்த இடைவெளியில் போடும் ஸ்பஞ்சு, பெட்டி ஒரு முறை தலைகீழாக விழுந்தால் எதையும் காப்பாற்றாது. ரோபோவை முழுசாக அனுப்பவே கூடாது. மேலே நிற்கும் ஸ்லைடுகளையும் (கையை உயர்த்தும் நீளும் சட்டங்கள்), பொருளைப் பற்ற முன்னால் நீட்டியிருக்கும் பிடியையும் கழற்றி உயரத்தைக் குறைத்தால் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் ஸ்பஞ்சு வைக்கலாம். எடையும் 23 கிலோவுக்குள் நிற்கும். கழற்றிய பாகங்களைத் துணிகளோடு சுற்றி இன்னொரு பெட்டியில் வையுங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அதை அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கழற்றிப் பூட்டுவதை ஊரிலேயே இரண்டு முறையாவது கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் கழற்றும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். பெட்டியைப் பாதுகாப்பு ஊழியர்கள் திறந்து பார்ப்பார்கள். மேலேயே, இது மாணவர் போட்டிக்கான ரோபோ, இப்படித்தான் திரும்ப அடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளும் படமும் இருந்தால் அவர்களும் ஒழுங்காக மூடுவார்கள். புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் ரோபோவைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதே பொருளுக்கு வரி கேட்கும் பேச்சு வராது.

ஆலன் கீ, ஸ்பேனர், கட்டர் எல்லாம் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். லேப்டாப், பவர் பேங்க், லித்தியம் பேட்டரி கொண்ட டிரைவர் ஹப் (ஓட்டுபவர் பக்கம் இருக்கும் சிறு கணினி) ஆகியவை கைப்பையில். ரோபோவை ஓட்டும் 12 வோல்ட் பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, லித்தியம் அல்ல. முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, வகை தெரியும் லேபிள் வெளியே இருக்கும்படி வைத்து, எந்தப் பையில் கொண்டுபோவது என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துருநீக்கும் ஸ்பிரே டப்பாவை எதிலும் வைக்காதீர்கள், எடுத்துவிடுவார்கள்.

அங்கே மின்சாரம் 120 வோல்ட். சார்ஜரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, தட்டைக் கால் பிளக் மாற்றி போதும். நம் ஊர் 230 வோல்ட் சால்டரிங் அயர்ன் விஷயம் வேறு. மின்னழுத்தம் ஏறக்குறைய பாதியானால் திறன் கால் பங்குக்கு இறங்கிவிடும். 25 வாட் அயர்ன் அங்கே 7 வாட் அளவுக்கே சூடாகும், ஈயம் உருகாது. பிளக் மாற்றி போட்டாகிவிட்டது என்று நம்பிப் போகிறவர்கள் முதல் நாள் மாலை மாட்டிக்கொள்வது இங்கேதான். சால்டர் வைக்க வேண்டிய ஒயர்களை எல்லாம் கூடுதலாக இரண்டு மூன்று செட் ஊரிலேயே செய்து எடுத்துப் போவது நல்லது. எம்3, எம்4 ஸ்க்ரூக்களும் நட்டுகளும் தாராளமாக இருக்கட்டும். அங்கே தெருமுனைக் கடையில் முதலில் கிடைப்பது அங்குல அளவு.

பேட்டரி ஆறு வேண்டும். உள்ளூர்ச் சுற்றில் ஐந்தாறு தகுதி ஆட்டம்தான் என்பதால் மூன்றை வைத்துச் சமாளித்திருப்பார்கள். ஹூஸ்டனில் அது போதாது. 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 1.8 ஆம்பியரில் முழுதாக சார்ஜ் ஆக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், 0.9 ஆம்பியரில் அதைப் போல இரண்டு மடங்கு. ஆட்டம் முடிந்த சூட்டோடு சார்ஜில் போடக்கூடாது, ஆறவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, எந்த ஆட்டத்துக்கு எது போனது, மாட்டும் முன் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் குறிப்பது ஒரே ஒரு மாணவரின் வேலையாக இருக்கட்டும். நாலு பேரின் பொறுப்பு என்றால் யாருடைய பொறுப்பும் இல்லை. நன்றாக நிறைந்த பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.5க்குக் கீழே இருப்பதை மாட்டினால், நாலு மோட்டாரும் ஒன்றாக இழுக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து, ரோபோவின் மூளையான கன்ட்ரோல் ஹப் அணைந்து எழும். அது மறுபடி இணைவதற்குள் ஆட்டத்தில் பெரும்பகுதி போய்விடும். பேட்டரியின் ஃப்யூஸ் 20 ஆம்பியர், பத்து ஃப்யூஸ் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோபோ நடுக்களத்தில் செத்து நின்றால் எல்லோரும் நிரலைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒயர். கன்ட்ரோல் ஹப்பையும், கூடுதல் மோட்டார்களுக்கான எக்ஸ்பான்ஷன் ஹப்பையும் இணைக்கும் மெல்லிய கேபிளின் கனெக்டர் விரல் நகத்தைவிடச் சிறியது. மோதலின் அதிர்வில் அரை மில்லிமீட்டர் நழுவினாலே பாதி மோட்டார்கள் நின்றுவிடும். வெளியே பார்த்தால் மாட்டியிருப்பது போலவே தெரியும். அந்தக் கேபிளைக் கனெக்டரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கொஞ்சம் தளர்வு விட்டு, கேபிள் டை போட்டு ரோபோவின் உடலோடு கட்டிவிட வேண்டும். மஞ்சள் நிறப் பேட்டரிக் கனெக்டர்களுக்கும் அதே கட்டு.

அடுத்தது நிலைமின்சாரம். களத்தின் தரை ஃபோம் டைல்கள். சக்கரம் அதில் உரச உரச ரோபோவின் உலோக உடலில் மின்னூட்டம் சேரும். ஈரக்காற்று உள்ள நம் ஊர் வகுப்பறையில் இது அவ்வளவாகத் தெரியாது. கடும் ஏசி போட்ட வறண்ட அரங்கில் ரோபோ களத்தின் உலோகப் பகுதியைத் தொட்டதும் சடக்கென்று பாய்ந்து ஹப் உறைந்துவிடும். ஹப்பை உலோகத்தின்மேல் நேராகப் பூட்டாமல் நடுவில் பிளாஸ்டிக் தகடு வையுங்கள். இதற்கென்றே விற்கும் ரெசிஸ்டிவ் கிரவுண்டிங் ஸ்ட்ராப்பை உடலுக்கும் ஹப்பின் மின் கனெக்டருக்கும் இடையே மாட்டுங்கள். வெறும் ஒயரை வைத்து உடலோடு இணைப்பது விதிமீறல்.

ரோபோவை ஓட்டக் கையில் பிடிக்கும் கேம்பேட் பற்றியும் சொல்ல வேண்டும். பல அணிகள் வைத்திருக்கும் லாஜிடெக் எஃப்310இன் பின்புறம் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, அது எக்ஸ் பக்கம் இருக்க வேண்டும். பையில் உரசி டி பக்கம் போய்விட்டால் பட்டன்கள் சரியாக வேலை செய்யாது. முன்பக்கம் மோட் பட்டன் தெரியாமல் அழுந்தி விளக்கு எரிந்தால் இடது ஸ்டிக்கும் அம்புக்குறி பட்டன்களும் இடம் மாறிவிடும். கேபிள் பிடுங்கி மாட்டப்பட்டால் முதல் டிரைவர் ஸ்டார்ட்டும் ஏ-யும், இரண்டாம் டிரைவர் ஸ்டார்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆட்டத்தின் நடுவே பதற்றமில்லாமல் இதைச் செய்ய வரவேண்டும் என்றால், பயிற்சியின்போது வழிகாட்டி சொல்லாமல் கொள்ளாமல் கேபிளைப் பிடுங்கிப் பழக்க வேண்டும்.

உதிரி சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) மூன்று எடுத்துப்போனால் மட்டும் போதாது. சில வகைகளில் சுழலும் எல்லையை ஊரிலேயே புரோகிராம் செய்து ஒட்டுத்தாளில் எழுதி வைக்க வேண்டும். புரோகிராம் செய்யாத சர்வோவை அவசரத்தில் மாட்டினால் பிடி தவறான பக்கம் திரும்பித் தன் பல்லைத் தானே உடைத்துக்கொள்ளும். ஸ்லைடை இழுக்கும் நூலை அளவாக வெட்டி, முடிச்சுப் போட்டு, நாலைந்து தயாராக வையுங்கள்.

பரிசோதனை மேசையில் முதல் முறை திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால்தான். அளவு பார்க்கும் 18 அங்குலப் பெட்டியில் இடிப்பது ரோபோவாக இருக்காது, வெட்டாமல் விட்ட கேபிள் டையின் வாலாக இருக்கும். ரோபோவை அரை அங்குலம் சிறியதாகவே கட்டிவிடுங்கள். கன்ட்ரோல் ஹப்பின் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும், டிரைவர் ஹப்பில் புளூடூத் அணைந்திருக்க வேண்டும், கருவிகளின் பெயர் அணி எண்ணோடு விதிப்படி இருக்க வேண்டும். அரங்கில் மொபைல் ஹாட்ஸ்பாட் போடக்கூடாது. பிள்ளைகளை மட்டுமல்ல, வீடியோ அழைப்பில் தாத்தா பாட்டிக்குக் காட்ட நினைக்கும் பெற்றோரையும் சேர்த்தே சொல்கிறோம். நம் அணியின் ஹாட்ஸ்பாட் இன்னொரு அணியின் ரோபோவை நிறுத்திவிடக்கூடும். அணிகள் ரோபோவைச் சரிசெய்யும் பிட் பகுதியில் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். செருப்போடு வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள், மூடிய ஷூ வேண்டும்.

கேமரா வைத்து, களத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளை ஏப்ரல்டேக் குறிகளைப் படிக்கும் ரோபோக்களுக்கு அரங்கின் வெளிச்சம் புதிது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஒளி வாங்கும் நேரத்தை, தானியங்கியில் விடாமல் ஐந்தாறு மில்லிவிநாடி அளவில் கையால் நிறுத்தினால் ஓடும்போதும் படம் கலங்காது. தேய்ந்த பயிற்சி டைலுக்கும் அங்குள்ள டைலுக்கும் பிடிப்பு வேறு. பயிற்சிக் களத்தில் கிடைக்கும் சில நிமிடங்களைப் புள்ளி எடுத்துப் பார்க்கச் செலவழிக்காமல், தானியங்கி ஓட்டத்தின் தூரங்களைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர்களிடம் பேசுவது முழுக்க மாணவர்கள்தான். ரோபோவை உருவாக்கிய விதத்தைச் சொல்லும் பொறியியல் தொகுப்பு, அட்டை நீங்கலாக 15 பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்து நிமிட ஆங்கில உரையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்; மூன்றாவது வரியில் மறந்தால் முழுதும் போய்விடும். இந்தக் கை ஏன் இப்படி, முதலில் எப்படி இருந்தது, எது உடைந்தது, எத்தனை மில்லிமீட்டர் மாற்றினோம் என்று உடைந்த பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லப் பழக்குங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளும் பொருளைக் கையில் கொடுத்தால் தடையில்லாமல் பேசுகிறார்கள். தவறை மறைக்கச் சொல்லவே வேண்டாம், நடுவர்கள் கேட்க விரும்புவதே அதைத்தான்.

ஹூஸ்டன் நேரம் அப்போது நமக்கு பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். போட்டி தொடங்க இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள். தூக்கம் கெட்ட டிரைவர் எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்று தெரியாமல் அழுத்துவார். வெளியே வெயில், உள்ளே ஏசி. ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும்.

இந்தப் போட்டியின் புதிய ஆட்டம் ஆண்டுதோறும் செப்டம்பரில் அறிவிக்கப்படுகிறது. அதற்கு முன் உங்கள் நாளிதழ் இதை வெளியிட்டு, பள்ளித் தலைமை ஆசிரியர்களின் கண்ணில் படும்படி செய்தால், பேட்டரிக்கும் உதிரிக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க எங்களைப் போன்றவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி ரோபோட்டிக்ஸ் அணிகளின் வழிகாட்டிகள் சிலர்