யாழினிக்கு, முதலைப் படப்பிடிப்புக்கு முன்

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் பாட்டியும் நலம். மெந்தகாப்பில் மாலையானால் மழைதான்.

சரவாக் முதலை ஆவணப்படத்தில் இனி நீயே கேமரா முன்னால் நின்று பேசப் போகிறாய் என்று போனில் சொன்னாய். அம்மா உடனே, "படிச்ச படிப்புக்கு ஆபீசுல உட்காரக் கூடாதா? தெரிஞ்சே யாராவது முதலைகிட்ட போவாங்களா?" என்று கேட்டாள். நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய். அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை மா. சிலர் ஏன் உயிரைப் பணயம் வைத்து ஆபத்தான பிராணிகளிடம் போகிறார்கள் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் தொலைக்காட்சியில் நீ விடாமல் பார்த்த ஆஸ்திரேலிய முதலைக்காரர் ஸ்டீவ் இர்வினையே எடுத்துக்கொள். அவருடைய அப்பாவும் அம்மாவும் 1970இல் குவீன்ஸ்லாந்தின் பீர்வாவில் ஊர்வனவற்றுக்காக ஒரு பூங்கா தொடங்கியவர்கள். ஆறாவது பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்த பரிசு மலைப்பாம்பு. ஒன்பது வயதிலேயே அப்பாவோடு ஆற்றில் இறங்கி முதலை பிடிக்கப் பழகியவர். அந்த வயதிலிருந்து முதலையின் உடம்பைப் பார்த்துப் பார்த்து, அது எப்போது பாயும், எப்போது வாலைச் சுழற்றும் என்று தெரிந்துகொண்ட ஆளுக்கு நமக்கு வரும் பயம் எப்படி வரும்? பலர் அவரை முரட்டுத் துணிச்சல்காரர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தொழில் தெரிந்த மனிதர்.

அதோடு அவருக்கு ஒரு காரணமும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் உப்புநீர் முதலையைத் தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். வட பிரதேசத்தில் 1971இல் தடை வந்தபோது ஏறக்குறைய 3,000 முதலைகள்தான் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். இன்று அங்கே 100,000 வரை இருக்கும் என்கிறார்கள். சட்டம் காப்பாற்றியது, சரி. ஆனால் முதலை பெருகினால் ஆற்றோரத்தில் வாழ்கிறவன் மறுபடியும் துப்பாக்கியைத் தேடுவான். இர்வினும் அவர் அப்பாவும் குவீன்ஸ்லாந்தில் தொல்லை தரும் முதலைகளை உயிரோடு பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மான்குட்டிக்கும் யானைக்குட்டிக்கும் பரிந்து பேச ஊரே வரும். முதலைக்கு யார் வருவார்? அதன் பக்கத்தில் நின்று, முகமெல்லாம் சந்தோஷமாக, இதுவும் வாழட்டும் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. தொலைக்காட்சியில் சம்பாதித்த பணத்தில் அவர் நிலம் நிலமாக வாங்கிக் காட்டுயிர்களுக்கு விட்டார்.

இதெல்லாம் எனக்குப் புரியக் காரணம் நம் தோட்டம்தான். நான் மண்டோராக, தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணியாக இருந்த காலத்தில், காலையில் பிரட்டில் ஆள் கணக்கெடுத்து முடித்து, செம்பனை எண்ணெய் மரங்களுக்குள் போனால், வெட்டி அடுக்கிய மட்டைக்கடியில் நாகம் கிடக்கும். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் அலறுவார்கள், யாராவது ஓடிவந்து அடித்துப் போடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, வெறுங்கையோடு பழம் பொறுக்குகிறவர்களுக்கு வேறு என்ன வழி? ஆனால் அந்தப் பாம்பு அங்கே வந்தது எலிக்காக. எலி செம்பனைப் பழத்தைத் தின்று தீர்த்துவிடும். எலியை அடக்கத்தான் பல தோட்டங்களில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். பாம்பும் அதே வேலையைத்தான் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் நம் டவுனில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் பையன்கள் கட்டையை எடுப்பதில்லை, பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு, போன் போடுகிறார்கள். அபு சாரின் ஹூசின் போன்றவர்கள் வேலை செய்த விதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அவரை உனக்கும் தெரியும். நம் பகாங் மாநிலத் தீயணைப்புப் படைக்காரர். ராஜநாகத்தை அடிக்காமல் பிடிப்பது எப்படி என்று சக வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பாம்பின் குணத்தைப் படிக்க வீட்டிலேயே நாகங்களை வைத்திருந்தார். அதைப் பார்த்து, அவர் பாம்பைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பொய்க் கதை எழுதின. 2018 மார்ச்சில் பெந்தோங்கில் ராஜநாகம் பிடிக்கப்போன இடத்தில் கடிபட்டு, நமக்குப் பக்கத்தில் தெமர்லோ மருத்துவமனையில் இறந்தார். வயது 33. அன்றைக்கு அவர் போனது யாரோ கூப்பிட்டதால், வேலைக்காக. ராஜநாகம் ஒரே கடியில் நிறைய விஷத்தை இறக்கும், மூச்சு விடும் தசைகளே நின்றுபோகும். இதையெல்லாம் நம்மில் எவரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்.

அப்புறம் தமிழ்நாட்டு இருளர் பழங்குடியினரைப் பார். வடிவேல் கோபாலும் மாசி சடையனும் வாழ்நாள் முழுக்கப் பாம்பு பிடித்தவர்கள். 2023இல் இந்திய அரசு அவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. மலைப்பாம்பு பெருகிப்போன ஃபுளோரிடாவுக்கே 2017இல் அவர்களைக் கூட்டிப்போனார்கள். சென்னைக்குப் பக்கத்தில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் இந்தியாவில் பெரும்பாலும் விஷமுறிவு மருந்து செய்துவந்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். பார்க்கிறவனுக்குக் காட்டுவதற்காக ஒரு அங்குலம்கூட அதிகம் நெருங்கமாட்டார்கள். எனக்கு இவர்கள் மேல்தான் மதிப்பு அதிகம்.

என் பயம் முதலை மேல் இல்லை மா, கேமரா மேல்தான். முதலையின் பசிக்கு அளவு உண்டு, கேமராவின் பசிக்கு இல்லை. போன வருஷம் கரையிலிருந்து எடுத்த காட்சி இந்த வருஷம் ஜனங்களுக்குப் போதாது, படகிலிருந்து வேண்டும். அடுத்து தண்ணீருக்குள் இறங்கு என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தால், இனியும் ஆகாது என்று மனசு நம்பிவிடும். டிமொத்தி டிரெட்வெல் என்ற அமெரிக்கர் 13 கோடைகள் அலாஸ்காவில் கரடிகளோடு தங்கிப் படம் எடுத்தார். 2003இல் அவரையும் அவரோடு இருந்த பெண்ணையும் கரடி கொன்றது. இர்வினைக் கொன்றதோ முதலை இல்லை, திருக்கை. 2006 செப்டம்பர் 4, பாட் ரீஃப் என்ற இடத்தில் ஆழமில்லாத தண்ணீர். வானிலை சரியில்லாமல் முக்கியப் படப்பிடிப்பு நின்றுபோனதால், மகளுடைய நிகழ்ச்சிக்குச் சில காட்சிகள் எடுக்க இறங்கினார். திருக்கையின் முள் நெஞ்சில் இறங்கியது. திருக்கையால் மனிதன் சாவது மிக மிக அரிது. 44 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வதைக்கிறது. குவீன்ஸ்லாந்து கடற்கரைகளில் திருக்கைகள் வாலறுபட்டுச் செத்துக் கிடந்தன. பழிவாங்கும் வேலையாக இருக்கலாம் என்று பேசினார்கள். ஆயுள் முழுக்க அவர் காப்பாற்றச் சொன்ன உயிர்கள் மேலேயே அவர் சாவுக்கான கோபம் விழுந்தது. சரவாக்கில் இது உனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பத்தாங் லுபார் ஆற்றில் புஜாங் செனாங் என்று பெயர் வாங்கிய முதலையை 1992இல் கொன்றது, அது ஒரு பெண்ணைக் கொன்ற பிறகுதான். கேமரா முன்னால் உனக்கு ஒன்று ஆகிவிட்டால், அடுத்த நாள் அந்த ஆற்றில் எத்தனை முதலை மிஞ்சும் என்று யோசி. எங்களுக்காக ஜாக்கிரதையாக இரு என்று சொன்னால் நீ சிரிப்பாய். முதலைகளுக்காகவாவது இரு.

போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். நீ இந்த வேலையில் இருப்பதில் எனக்குப் பெருமை, இங்கே டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். படகோட்டி அந்த ஊர் இபான் இனத்துக்காரரா, அந்த ஆறு அவருக்குத் தெரியுமா? இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால் இயக்குநர் கேட்பாரா, இல்லை கடைசிச் சொல் இயக்குநருடையதா? கரையோரத்தில் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிற்க வைக்கிறார்களா? முதலை அதைக் கவனித்து வைத்துக்கொள்ளும், அதனால் இடத்தை மாற்றச் சொல். பக்கத்து மருத்துவமனைக்குப் படகில் எவ்வளவு நேரம்? ஒப்பந்தத்தில் உன் பெயருக்குக் காப்புறுதி எழுதியிருக்கிறார்களா, இல்லை கேமராவுக்கு மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமை போன் செய். முதலில் அம்மாவிடம் பேசு, அவள் கேட்ட கேள்விக்கு நீயே பதில் சொல். அப்புறம் என்னிடம் கொடுக்கச் சொல், படகோட்டி விஷயத்தை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா