பத்து ரூபாய் காசு: அட்டையைக் கழற்றிவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடைக் கல்லாவுக்கு மேலே பல வருடமாகத் தொங்கிய ‘10 ரூபாய் நாணயம் வாங்கப்படாது’ என்ற அட்டையை இந்த வாரம் கழற்றிவிட்டோம். ஏன் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் வாய்வார்த்தையாகச் சொன்னால், தெருமுனை தாண்டுவதற்குள் அது வேறு கதையாகிவிடும். அதனால் எழுதியே தருகிறோம்.

முதலில் எங்கள் தப்பு. அந்தக் காசு போலி என்று நாங்கள் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனால் பால் பாக்கெட் போடுகிறவர் வாங்க மறுத்தார். அவரைக் கேட்டால், ஏஜென்சியில் வாங்குவதில்லை என்றார். ஏஜென்சிக்கே போய்க் கேட்டோம். “எங்களுக்கு என்ன சார், கடைக்காரங்கதான் மீதி கொடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்க” என்றார்கள். அந்தக் கடைக்காரர்கள் யார்? நாங்கள்தான்! யாருக்கும் காசின் மேல் சந்தேகம் இல்லை, அடுத்தவன் வாங்க மாட்டான் என்பதில்தான் எல்லோருக்கும் அவ்வளவு நிச்சயம். சென்னையில் டீக்கடைக்காரர் மீதியாகக் கொடுத்த காசு, நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் செல்லாக்காசு ஆனது இப்படித்தான்.

ஆரம்பத்தில் இதில் ஒரு துளி உண்மை இருந்தது. 2016-ல் டெல்லியில் போலி 10 ரூபாய் நாணயம் தயாரித்த இடங்களைப் போலீஸ் பிடித்தது. ‘போலியும் இருக்கிறது’ என்பதுதான் செய்தி. அது வாட்ஸ்அப்பில் ஏறியதும் ‘₹ குறி இல்லாததெல்லாம் போலி’ என்று ஆனது. அப்புறம் ஒருவர் காசில் பொறித்திருக்கும் கோடுகளை எண்ண ஆரம்பித்தார்: 10 கோடு அசல், 15 கோடு போலி. கல்லாவில் நின்று கோடு எண்ண யாருக்கு நேரம்? கடைசியில் ‘எதுவுமே செல்லாது’ என்று முடிந்தது. அந்த வருடம் நவம்பர் 8 ராத்திரிதான் 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு யார் எதைச் செல்லாது என்றாலும் நம்புகிற நிலையில்தானே நாம் இருந்தோம்.

கோட்டு விவகாரத்தின் விளக்கம் ரொம்பச் சாதாரணம். ₹ குறி நாணயங்களில் வந்தது 2011-ல். அதற்கு முன்பு அடித்த காசில் குறி எப்படி இருக்கும்? குறி வந்தபோது வடிவமைப்பும் மாறி, 15 கோடு 10 ஆனது. இதுபோக அம்பேத்கர், யோகா தினம், நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு என்று நினைவு நாணயங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாகவே அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த பிறகும் எங்கள் அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, இனி நடைமுறை. எந்த வடிவத்தில் இருந்தாலும் 10 ரூபாய் காசை வாங்கிக்கொள்வோம். சட்டப்படி 1000 ரூபாய் வரை நாணயமாகவே கொடுக்கலாம், அதாவது நூறு காசு. எண்ணித் தந்தால் எங்களுக்கு உபகாரம். மீதியாக நாங்கள் தரும்போது நீங்களும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் கல்லாவில் காசு குவியும், சில்லறைக்குப் பதில் மறுபடியும் சாக்லேட்தான் கிடைக்கும். காய்கறி வண்டியிலோ ஆட்டோவிலோ மறுத்தால், நம் கடையில் வாங்குகிறார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். நோட்டாக வேண்டுமென்றால் இங்கே வந்து மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம். போன வருடம் பொங்கலுக்கு முன்னால் ஒரு பாட்டி உண்டியலை உடைத்து, முந்தானையில் முடிந்து 23 பத்து ரூபாய் காசு கொண்டுவந்தார். வெல்லமும் பச்சரிசியும் கேட்டார். அட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பினோம். அவர் எந்தத் தெரு என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பாட்டியாக இருந்தால், அந்தக் காசோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடையார்