பக்கத்தில் நிற்பவரின் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவையாகத்தான் வாசித்து முடிக்க முடிந்தது. முதல் தடவை பாதியில் எழுந்துவிட்டேன்; என் கணவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் வந்துவிட்டது. காலையில் 45 நிமிடம் நடங்கள், இரவில் எட்டு மணி நேரம் தூங்குங்கள், பிடித்த பாட்டைக் கேளுங்கள் என்று கட்டுரை முடிந்திருந்தது. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் நான் நடக்கப் போகும் அந்த 45 நிமிடமும் அவர் பக்கத்தில் யார் இருப்பது? அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகாததால் இதை எழுதுகிறேன்.

2018 ஜூலையில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. இப்போது அவர் வாயில் வருவது ஒரே சொல், 'சரி'. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, பேரன் வந்தாலும் சரி. எந்தச் 'சரி'க்கு என்ன பொருள் என்று குரலை வைத்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறு வருடமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டேன். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடச் சொன்னார்கள். பகலில் அது பெரிதில்லை. இரவில் பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று அலாரம் வைத்து எழுந்தேன். காற்றுப் படுக்கை வாங்கிய பிறகு ஒரு முறை குறைந்தது. அவருக்கு இன்றுவரை ஒரு புண்கூட வரவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 26 வருடம் உயிரியல் எடுத்தவள். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "நாய் துரத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். மதில் ஏறிக் குதிப்போம் என்பார்கள் பிள்ளைகள். அந்த நேரத்தில் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை கூடும், செரிமானம் நின்று காத்திருக்கும். உள்ளே இருக்கும் மெடுல்லா நொடிக்கணக்கில் அட்ரினலினை விடும், வெளிப்பக்கத்துக் கார்டெக்ஸ் சில நிமிடங்கள் கழித்துக் கார்டிசாலை விடும். நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். இவ்வளவுதான் பாடம். நாய் போகவே இல்லை என்றால் என்ன ஆகும் என்று 26 வருடத்தில் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

இந்த வீட்டில் நாய் ஆறு வருடத்துக்கு மேல் போகவில்லை. அப்போது என் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கையும் காலும் மெலிந்தன, வயிறு மட்டும் பெருத்தது. அடிக்கடி சளி பிடித்தது. 2022 ஆடி மாதம் முருங்கைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் இடது ஆள்காட்டி விரலைச் சின்னதாக வெட்டிக்கொண்டேன். தையல்கூடத் தேவைப்படாத காயம். அது ஆற ஏழு வாரம் ஆனது. சர்க்கரை வந்துவிட்டது என்று பயந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தேன்; இல்லை. ஓயாமல் தண்ணீரிலும் டெட்டாலிலும் நனையும் கை, அதனால்தான் ஆறவில்லை என்று விட்டுவிட்டேன். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிசியோதெரபி படித்த என் மகள் ஒரு பழைய ஆய்வை அச்செடுத்து அனுப்பினாள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் செய்தது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்க்கும் 13 பெண்கள், அதே வயதில் அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். இரு தரப்புக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரிக் காயம் உண்டாக்கி, ஆறுகிறவரை பார்த்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் காயம் நுரைக்கும். நுரை வராவிட்டால் ஆறிவிட்டது என்று கணக்கு. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு மற்றவர்களைவிட ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் விரல் தழும்பைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத 13 பெண்கள் எனக்காகச் சாட்சி சொன்னது போல் இருந்தது.

மறதியைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு உண்மையில் பயம் வந்தது அதில்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பது எல்லோர் வீட்டிலும் நடப்பது. ஐந்து வருடம் என்னிடம் படித்த பெண் கடைத்தெருவில் நின்று பேசுகிறாள், பெயர் வரவில்லை. அதையும் வயது என்று தள்ளினேன். ஒரு நாள் காலை மாத்திரைகளை அவருக்குக் கொடுத்து, பாத்திரம் கழுவி, திரும்ப வந்து, கொடுக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கொடுத்துவிட்டேன். பிரஷர் மாத்திரை, இரண்டு மடங்கு. பத்து மணிக்கு அவருக்கு வேர்த்துக் கண் சொருகியது. காலி மாத்திரை அட்டையைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டார். நான் சரியாகப் பல நாள் ஆனது. எனக்கும் மறதி நோய் தொடங்கிவிட்டதோ, அப்படியானால் இவரை யார் பார்ப்பது என்று ராத்திரி முழுவதும் அதே நினைப்பு.

நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் மூளைக்குள் கடல்குதிரை வடிவில் இருக்கிறது. அந்தப் பெயருக்கு அதுதான் பொருள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்கீவன் 1968-இல் எலிகளிடம் கண்டறிந்தது, அட்ரினல் சுரப்பி விடும் கார்டிசால் வகை ஹார்மோன் அங்கேதான் போய் நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்பதை. 'போதும், இனி சுரக்காதே' என்று அட்ரினலுக்குச் சொல்லியனுப்புவதில் ஹிப்போகாம்பஸுக்கும் பங்கு உண்டு. வருடக்கணக்கில் கார்டிசால் ஏறியே இருந்தால் சொல்லியனுப்பும் இடமே தளர்ந்துவிடுகிறது, அதனால் சுரப்பது இன்னும் நீள்கிறது.

நம் பெங்களூரிலேயே, தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வுக்கூடத்தில் 2002-இல் ஒன்று பார்த்தார்கள். எலிகளைப் பத்து நாள், தினமும் இரண்டு மணி நேரம், அசைய முடியாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. அதே கூடம் 2004-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பிறகு 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தபோது ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது, அமிக்டலா திரும்பவில்லை. எலிக்கு ஆனது அப்படியே மனிதருக்கும் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், பாடம் நடத்தியவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் மறதி சரியாகக்கூடும் என்று அதை வாசித்தபோது எனக்கு வந்த தெம்பைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு தட்டு விழுந்தால்கூட நான் இன்னும் ஏன் துள்ளி எழுகிறேன் என்பதும் ஓரளவு புரிந்தது.

இனி சொல்ல வந்த விஷயம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் வருகிறாள். என் மகளைவிடச் சின்னப் பெண். என் கணவருக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். போகும்போது ஒவ்வொரு தடவையும், "டீச்சர், உங்களுக்கும் பாத்திருவோமா?" என்பாள். "எனக்கென்ன தாயி, நான் நல்லாத்தான இருக்கேன். அடுத்த மாசம் பாப்போம்" என்பேன். அடுப்பில் உலை இருக்கும், அவர் துணி நனைந்திருக்கும், ஏதாவது ஒன்று. இப்படி எத்தனை மாதம் போனதோ. போன மார்கழியில் அவள் என்னைக் கேட்கவே இல்லை. கையைப் பிடித்து உட்கார வைத்துப் பட்டையைச் சுற்றிவிட்டாள். 178-க்கு 104. அவள் மறுபடி பார்த்தாள், மறுபடியும் அதேதான். மருத்துவரிடம் போனேன். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது, உங்களுக்கு எத்தனை வருடமாகப் பிரஷர் என்று கேட்டார். எனக்கு என்ன பதில் தெரியும்? ஆறு வருடத்தில் நான் ஏறாத மருத்துவமனைப் படி இல்லை, எல்லாம் அவருக்காக. அவர் படுக்கை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். யாரும் என் கையைக் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 66 முதல் 96 வயது வரையுள்ள கணவன் மனைவியரை நான்கு வருடம் பின்தொடர்ந்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயுற்ற துணையைப் பார்த்துக்கொண்டு அதில் நெருக்கடிக்கும் ஆளானவர்களிடம் இறப்பு, அப்படிப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். துணையைப் பார்த்துக்கொண்டாலும் நெருக்கடியை உணராதவர்களிடம் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் உங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவரைப் பார்ப்பது என்னைக் கொல்லவில்லை. அவரை நான் விரும்பித்தான் பார்க்கிறேன், இன்னும் பார்ப்பேன். இடைவெளியே இல்லாமல், மாற்று ஆளே இல்லாமல் பார்ப்பதுதான் உடம்பைத் தின்கிறது.

ஆகவே மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். படுத்திருப்பவரைப் பார்த்து முடித்ததும், கூட வந்தவரை உட்கார வைத்து அந்தப் பட்டையை அவர் கையிலும் சுற்றுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும். எங்களைக் கேட்டால் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்வோம், நம்பாதீர்கள்.

அரசிடம் கேட்பது வேறு. ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் இடம், எங்களைப் போன்றவர்கள் வாரத்தில் ஒரு பகல் நோயாளியை நம்பி விட்டுவிட்டு வர. குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருப்பது போல. அது வருகிறவரை, உறவினர்களே, தயவுசெய்து ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து கால் மணி நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் செலவு வேண்டாம். மூன்று மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

என் மதினி இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடுவார்கள். முதல் வியாழன் என்ன செய்வதென்றே தெரியவில்லை. செண்பகவல்லி அம்மன் கோயில் வரை நடந்துபோய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். இரண்டாவது வியாழன் மகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். எழுந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். அவர் பக்கத்தில் போனதும் 'சரி' என்றார். எந்தச் 'சரி' என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற வாரம் 142-க்கு 88. அந்தப் பெண் தன் பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கோவில்பட்டி